அத்தானின் வேனும் அக்காவின் நாக்கும்

எங்கள் அத்தானைப் பற்றி யாராவது 'தங்கமான மனுஷன்' என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் அவரிடம் யாரும் ஒரு குறை சொல்ல முடிந்ததில்லை. அப்படியென்றால் நான் எப்போதுதான் சொல்வது?

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பளிச்சென்று சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, வாய் நிறைய வெற்றிலை, அதைவிட நிறையச் சிரிப்பு. குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டு யார் நடந்துபோனாலும் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். தெருவில் ஒருத்திக்குப் பிரசவ வலி என்றால் தன் வேனிலேயே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார். வழியில் அந்த வேன் எங்கெங்கே நின்றது, வலியில் துடிக்கிறவள் எத்தனை நேரம் புளியமரத்தடியில் கிடந்தாள் என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். கொண்டுபோய் விட்டாரா, விட்டார். தங்கமான மனுஷன்.

அந்த மனுஷனால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். வரப்போகிற கெடுதலை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. அடுப்பில் பால் பொங்கப்போகிறது என்றால்கூட, "பொங்கட்டுமே, நல்லதுதானே" என்பார். மச்சு உத்தரம் இற்றுப்போயிருக்கிறது என்று கொத்தனார் ஒருமுறை சொன்னார். "விளக்கு வைக்குத நேரத்துல என்ன பேச்சுவே பேசுதீரு" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். உத்தரம் விழுந்தது. அந்த நேரம் கீழே யாரும் இல்லை. "பாத்தியளா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல" என்று அதையும் தன் நல்ல மனசுக்குக் கிடைத்த பலனாக ஆக்கிக்கொண்டார். கொத்தனார் மட்டும் பிறகு எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை.

எழுபதுகளின் கடைசியில்தான் அந்த வேன் வந்தது. எங்கோ மலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் அறை கிடைக்காமல் ஜனங்கள் தவிப்பதைப் பார்த்து அத்தானுக்கு ஒரு யோசனை உதித்தது. வண்டிக்குள்ளேயே வீடு கட்டிவிட்டார். நோயாளிக் கட்டில் இருந்த இடத்தில் மெத்தை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு மேடை, தண்ணீருக்குச் செப்புக்குடங்கள் வரிசையாக. ஐந்தருவிப் பக்கம் மரத்தடியில் நிறுத்திவிட்டால் குடும்பமே அங்கே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழலாம். ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. தெருவே வந்து ஏறிப் பார்த்தது. நானும்தான் ஏறினேன். அழகாகத்தான் இருந்தது, அதை ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்.

அழகில்லாதது ஓட்டுகிறவருக்கு முன்னால் இருந்தது. எஞ்சினில் தண்ணீர் கொதித்தால் காட்டுவதற்கு ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. வேன் வந்த மறுவாரமே அந்த முள் சிவப்புக் கோட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது. இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கண்ணாடி மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினார். விளக்கின் பல்பைத் திருகி எடுத்துத் தூரப் போட்டார்.

"வண்டியில ஏறுததும் மொதல்ல கண்ணுல படுதது நல்லதா இருக்கணும்லா" என்றார்.

நான் அப்போது தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். என் பிழைப்பே விளக்குப் பார்க்கிற பிழைப்பு. முன்னால் பலகை, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ஒன்று எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள், உடனே எடுத்துக் கேட்க வேண்டும். சாவுச் செய்தியாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எரிகிற விளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஊரில் எல்லாரும் சுகம் என்று உட்கார்ந்திருந்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? இதை அவரிடம் நேராகவே கேட்டேன். சிரித்தார்.

"நீ அந்தப் பலகை முன்னால உக்காந்து உக்காந்து எல்லாத்தையும் ஆபத்தாவே பாக்கே. ஒனக்கு ஒரு கல்யாணம் ஆனா சரியாப்போவும்" என்றார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் கோபப்படுகிறவள்தான் கிறுக்கியாகத் தெரிவாள். அவருடைய பலமே அதுதான்.

முள்ளை மூடினார், விளக்கைப் பிடுங்கினார். அக்காவை என்ன செய்வது?

அந்த வேனில் எஞ்சின், வண்டிக்குள்ளேயே, முன்சீட்டுகளுக்கு நடுவில் ஒரு தகரப் பெட்டி போட்டு மூடியிருந்தது. அதற்கு நேர் பின்னால்தான் அக்காவின் இடம். சூடு ஏறினால் முதலில் சுடுவது அவள் பாதம். வாடை வந்தால் முதலில் எட்டுவது அவள் மூக்கு. அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கார்புரேட்டர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கால் சுட்டால் கால் சுடுகிறது என்று தெரியும். அதைத்தான் அவள் சொன்னாள்.

முதல் சீசன். நாங்கள் எல்லாரும் ஐந்தருவிக்குப் போகிறோம். இலஞ்சி தாண்டும்போதே அக்கா, "ஏங்க, காலு சுடுது. துருப்பிடிச்ச தண்ணி கொதிக்குத மாதிரி ஒரு வாடையும் வருது. கொஞ்சம் நிறுத்திப் பாக்கக் கூடாதா" என்றாள்.

"கெளம்புத நேரத்துல வாய வைக்காதட்டி" என்று அத்தான் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

குற்றாலம் கடைவீதிக்குள் நுழைந்ததும் தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. வண்டி நடு வீதியில் நின்றுவிட்டது. மேலே சாரல், தெருவெல்லாம் ஈரம், காதில் அருவிச் சத்தம். அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் எங்கள் வண்டி மட்டும் உள்ளே வறண்டு போய் நிற்கிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாட்டிலும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஈரத்துண்டோடு குளித்துவிட்டு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

அத்தான் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, அக்கா பக்கம் கையைக் காட்டி, "வண்டிக்கு ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. எம்பொண்டாட்டிக்குக் கருநாக்கு. இப்பதான் சொன்னா, சொல்லி வாய மூடல, பலிச்சிட்டு" என்றார்.

கூட்டம் சிரித்தது. கருநாக்கு என்றால், சொன்ன கெடுதல் பலித்துவிடுகிற நாக்கு. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்று பிற்பாடு எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். வேடிக்கையாம். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை அவர்கள் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். வாய்க்காலில் ஓடிய அருவித் தண்ணீரை ஒருவர் குடத்தில் மொண்டு வந்தார். எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து அதை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கிற கூடு அதுதானே, நிரம்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. எந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் கிளம்பியிருக்கும். ஆனால் அத்தானுக்குப் புது ஞானம் பிறந்துவிட்டது. "மூலிகைத் தண்ணிலா. எத்தன மூலிகைய நனச்சுக்கிட்டு வருது. மனுஷனுக்கு நோய் தீருமாம், எஞ்சினுக்குத் தீராதா?" அன்று முதல் அந்த வண்டிக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணற்றுத் தண்ணீர் கிடையாது. சீசன் வெள்ளம் கலங்கி வந்தாலும் அருவித் தண்ணீர்தான். கடையிலிருந்து செப்புக்குடம் செப்புக்குடமாகக் கொண்டுபோய்ப் பிடித்து வருவார். மணலும் இலைச் சருகும் பாசியும் எல்லாம் சேர்த்துத்தான் உள்ளே போகும். வடிகட்டலாமே என்றால், வடிகட்டினால் மூலிகை போய்விடுமாம்.

பட்டறைக்காரர் ஒருமுறை, "அண்ணாச்சி, உள்ள கசடு அடச்சிட்டு. எல்லாத் தண்ணியையும் தெறந்துவிட்டுக் கழுவணும்" என்றார்.

"அருவித் தண்ணியச் சாக்கடையில தெறந்துவிடச் சொல்லுதீரே, நீரெல்லாம் மனுஷன்தானா" என்றார் அத்தான். பட்டறைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. அதற்கு மேல் வாதாடாமல், தண்ணீர் சூடாகும் வரை வழியை மறிக்கிற அடைப்பானோ என்னவோ, ஒரு சின்ன உறுப்பைக் கழற்றிக் கையில் கொடுத்து, "இது நம்மூருக்குத் தேவையில்ல" என்று அனுப்பிவிட்டார். அத்தானுக்குப் பரம சந்தோஷம். அவருக்கு எதையாவது கழற்றிப் போட்டால் போதும்.

வண்டி அடிக்கடி நின்றது. நிற்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அக்காவுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் சொன்னாள், ஒவ்வொரு முறையும் அவள் சொன்னதால்தான் நின்றது என்றார்கள். கடைவீதியில் போட்ட பேர் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் போகும்போது அக்கா எதிரில் வந்துவிடாமல் அவன் அம்மா பார்த்துக்கொண்டாள். ஆய்க்குடியில் எங்கள் சித்தி மகளுக்கு வளைகாப்பு, எல்லாருக்கும் அழைப்பு, அக்காவுக்கு மட்டும் 'மறந்துபோச்சு'. சமையல் பக்குவம் கேட்டு வந்த பெண்கள் கேட்பதை விட்டார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த என் அக்கா, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். "அந்த ஏணி..." என்பாள், அப்புறம் ஒன்றுமில்லை என்பாள். எனக்கு வயிறு எரியும். அத்தானைப் பார்த்தால் அவர் யாருக்கோ இலவசமாகத் தண்ணீர்க் குடம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படியிருக்கையில் அக்காவின் ஒரே மகளுக்குப் புனலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மலைக்கு அந்தப்பக்கம் குடியேறிப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற நம்மூர்க் குடும்பம். இரண்டாவது மகனுக்குக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது, பிடித்திருந்தால் அன்றே தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது.

அத்தான் பெற்றவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். தட்டு மாற்றத் தன் அக்காவைக் கூட்டிக்கொள்வாராம். அந்த மதினியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டாம், தம்பி சொன்னதற்குத் தலையாட்டவென்றே பிறந்தவள்.

அக்கா அதுவரை எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். "எம்மவ வாழப்போற வீட்ட நான் ஒருவாட்டி கண்ணால பாத்துக்கிடுதேன். அது போதும்."

"வா. ஆனா இங்கன வாசல் தாண்டுனா திரும்பி வந்து வாசல் மிதிக்குத வர, நல்லதோ கெட்டதோ நீ வாயத் தெறக்கக் கூடாது" என்றார் அத்தான். அக்கா தலையாட்டினாள். கூட நானும் வருவேன் என்று லீவு போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

பஸ்ஸில் போயிருக்கலாம், ரயிலில் போயிருக்கலாம். வீட்டு வேனைச் சம்பந்திக்குக் காட்ட வேண்டுமே. செங்கோட்டை தாண்டிப் புளியரை மலையில் ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு வளைவிலும் தட்டுகள் சரிந்தன. நானும் மதினியும் பின்னால் மெத்தையில் உட்கார்ந்து பழத்தையும் பூவையும் பிடித்துக்கொண்டு வந்தோம். அக்கா அவள் இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

டமார் என்று ஒரு சத்தம். வண்டிக்குள் வெள்ளையாக ஆவி நிறைந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் ரோட்டில் குதித்தோம். தண்ணீர் போகிற ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. யாருக்கும் காயமில்லை. நான் அக்காவின் காலைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் வெந்தது போலச் சிவந்து கிடந்தன. மலை அடிவாரத்திலிருந்து அந்தச் சூட்டின் மேல் காலை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

எதிரே வந்த லாரிக்காரர் தலையை நீட்டி, "வெள்ளம் உண்டோ, சேட்டா?" என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறதாவாம். குடம் குடமாக இருந்தது. அத்தான் ஒரு குடத்தைத் தூக்கி ஊற்றினார். மேலே ஊற்றியதெல்லாம் கீழே காப்பி நிறத்தில், இலைத் துணுக்கோடு ரோட்டில் ஓடியது. சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு முறை செருமிவிட்டு அடங்கிப்போனது. லாரிக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"ஏட்டி, நீ அதுக்கு மேலதான காலை வச்சிக்கிட்டு இருந்த. ஒனக்குத் தெரியாம இருக்குமா? ஏன் சொல்லல?"

"வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொன்னியளே" என்றாள் அக்கா.

அத்தான் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனுஷனாகியிருக்கலாம். அதற்குள் மதினி பூத்தட்டைச் சரிசெய்தபடி சொன்னாள்: "வாயால சொல்லலைன்னா என்ன தம்பி. மனசுல நெனச்சிருப்பா."

"அதான் பாத்தேன்" என்றார் அத்தான். அவருக்கு மூச்சு வந்துவிட்டது.

நான் நடு ரோட்டில் நின்று கத்தினேன். "சொன்னாலும் அவ, சொல்லலைன்னாலும் அவளா? ஒங்க கண்ணு, காது, காலு எல்லாம் எங்க போச்சு?" என்றெல்லாம் கேட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் இப்படிக் கத்தலாமா என்று மதினி கேட்டாள். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு வீட்டைப் பார்க்க வேண்டும். வேனை அங்கேயே விட்டுவிட்டுப் புனலூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, தட்டுகளோடு ஏறினோம்.

பெரிய வீடு. மாவும் பலாவும் நிற்கிற முற்றம், பளபளக்கிற சிமெண்டுத் தரை. மாப்பிள்ளையும் லட்சணமாகத்தான் இருந்தான். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து விலைவாசி பேசினார்கள். அக்காவையும் என்னையும் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே அழைத்துப்போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். அடுப்படியில் மூத்த மருமகள் ஏத்தன் வாழைக்காய்ச் சீவல் வறுத்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயைத் திறக்கக் கூடாது என்பதால் நான்தான் கேட்டேன், "ஒனக்கு எந்த ஊரும்மா?"

அந்தப் பெண் பதில் சொல்லாமல் மாமியார் முகத்தைப் பார்த்தாள். "கடையம்" என்றாள் மாமியார். "பிள்ளைகள் இருக்கா?" என்றேன். அவள் மறுபடியும் மாமியாரைப் பார்த்தாள். "ஒரு பையன்" என்றாள் மாமியார். கூடத்திலிருந்து யாரோ கூப்பிட மாமியார் வெளியே போனாள். நாங்கள் மூன்று பேர்தான். "இங்கன நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். சட்டியில் எண்ணெய் சிடுசிடுக்கிறது. அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தைட்ட கேட்டுக்கிடுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல நாள் பழகியவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு அடுப்பருகே போய், வியர்த்திருந்த அவள் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியைக் கிளறினாள்.

கூடத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நல்ல நேரம் போவதற்குள் மாற்றிவிடலாம் என்றார்கள். அத்தான் எழுந்து நின்று தட்டைக் கையில் எடுத்தார். மறுபக்கம் சம்பந்தியும் தட்டோடு எழுந்தார். அப்போது அக்கா குறுக்கே வந்து அத்தானின் தட்டின் மேல், வெற்றிலை பாக்கின் மேல், கையை வைத்தாள்.

"கைய எடு" என்றார் அத்தான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எடுக்க மாட்டேன்."

"வாயத் தெறக்க மாட்டேன்னுதான வந்த?"

"ஆமா. அப்படித்தான் வந்தேன்." அக்கா சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி வாயடச்சுக் கெடக்கா. எம்மவளையும் கொண்டாந்து விட மாட்டேன்."

அடுப்படிச் சத்தம் நின்றுபோயிருந்தது. சம்பந்தி தட்டைக் கீழே வைத்தார். மதினி, "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அக்கா விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை. கடைசியில் அவர்தான் விட்டார். அந்தத் தட்டை அக்காவே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். எங்களை யாரும் வழியனுப்ப வரவில்லை.

பஸ்ஸில் அத்தான் முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். மலையிறங்கும் வரை திரும்பியே பார்க்கவில்லை. அந்த வரன் கருநாக்கால் கெட்டது என்று சாகிற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரும் கேட்டுக்கொண்டது.

தென்காசி வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. எங்கள் பெண் தலைநிறையப் பூவோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வேனைக் காணோம், நாலு பேரும் நடந்து வருகிறோம், தட்டு மாறாமல் அப்படியே திரும்பி வருகிறது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வீடு எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள்.

"அவகிட்ட ஒண்ணும் கேக்காத. உள்ள போ" என்றார் அத்தான்.

அக்கா தட்டை இறக்கிப் படியில் வைத்தாள். சிவந்த கால்களை நீட்டி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டாள்.

"கேளுட்டி" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுதேன்."